ஏழுமலைக்கு மூன்று நாள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துப் பேசுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்டதோ பயணம். ஆயினும் கேட்டு முடித்தபின் இதில் தமிழ் இல்லை என்று எவரும் குறை கூறமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் எங்கள் எதிர்வீட்டு இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அலுவல் காரணமாக அவர் இத்தாலி நாட்டுக்குச் செல்கிறார். அலுவல் முடிந்தபின் ரோமாபுரியில் மூன்று நாள் தங்கப் போகிறார். அந்த மூன்று நாளையும் அவர் வகுத்திருந்த அழகை என்னென்பது! வாத்திகன் காட்சிச்சாலைக்கு நேரம் குறித்து முன்னரே சீட்டு வாங்கிவிட்டார். புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லவேண்டும் என்பதைக் குறித்து வைத்திருந்தார். எந்தப் பகுதியை நடந்தே பார்ப்பது, எதை இம்முறை விட்டுவிடுவது என்பதெல்லாம் அத்தாளில் இருந்தன. இரண்டு மாதமாக இரவில் அமர்ந்து அந்நகரின் வரலாற்றைப் படித்தாராம். நான் மனமாரப் பாராட்டினேன்.

பிறகு பேச்சுவாக்கில், “கோடை விடுமுறைக்குச் சென்னை செல்கிறீர்களே, குழந்தைகளைத் திருமலைக்கு அழைத்துச் சென்றதுண்டா, தம்பி?” என்று கேட்டேன். “இல்லை மாமா, இந்த ஆண்டுதான் முதன்முறை. அதற்கென்ன, விடியலில் காரில் புறப்பட்டால் தரிசனம் முடித்து இரவே திரும்பிவிடலாம்” என்றார்.

ரோமாபுரியும் ஏழு குன்றுகளின்மேல் எழுந்த நகரம், திருமலையும் ஏழுமலை. அந்த ஏழுக்கு மூன்று நாளும் இரண்டு மாதப் படிப்பும். இந்த ஏழுக்கு ஒரே பகல்! அவரை நான் குறைகூறவில்லை. குறைகூறும் தகுதி எனக்கு இல்லை என்பதைச் சிறிது பொறுத்துச் சொல்கிறேன்.

அன்பர்களே, நம் காலனியில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு என்பது பாட்டி வீடு. விடுமுறையில் போய்வருகின்ற ஓர் இடம். அப்பிள்ளைகளுக்கு நம் முன்னோர் தமிழகத்தின் எல்லையாகக் கண்ட இடத்தைக் காட்ட விரும்பினால், வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையுந்தான் காட்டவேண்டும். தொல்காப்பியப் பாயிரம் அவ்விரண்டையுமே எல்லையாகக் குறித்தது. சங்கப் பாடல்களில் வேங்கடம் புல்லி என்னும் தலைவனுடைய நாடு. பொருள் தேடிப் பிரிந்து செல்லும் தலைவன் அதைக் கடந்து வேற்றுமொழி வழங்கும் நிலத்துக்குப் போகிறான். பிழைப்புக்காக வேங்கடம் கடந்து வந்த நமக்கு அப்பாடல்களின் பொருளை உரையாசிரியர் விளக்கவேண்டுவதில்லை! சிலப்பதிகாரத்திலோ, மாங்காட்டு மறையோன் அம்மலைமேல் நின்ற திருக்கோலத்தை வழிப்போக்கர்க்கு எடுத்துரைக்கின்றான்.

இன்று அம்மலை ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. முதலியோர் போராடினர், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம்மிடம் வந்தது, திருப்பதி அங்கேயே நின்றது. 2022இல் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகவும் பிரிந்துவிட்டது. இதைச் சொல்வது பழைய வழக்கைக் கிளறுவதற்காக அன்று. நம் அடுத்த வீட்டிலிருக்கும் தெலுங்குக் குடும்பத்துக்கும் அது குலதெய்வத்தின் மலை. அன்னமாசாரியார் பாடிய ஆயிரக்கணக்கான தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு அக்கோயிலிலேயே காக்கப்பெற்றன. ஆழ்வார்கள் பாடிய மலையும் அதுவே, அன்னமாசாரியார் பாடிய மலையும் அதுவே. மார்கழி மாதம் முழுதும் அங்கே சுப்ரபாதத்துக்கு மாறாகத் திருப்பாவை ஓதப்படுகின்றது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இந்த இளைஞரைப் போலவே திட்டமிட்டேன். என் தந்தையார் நாற்பது ஆண்டு தில்லியில் எழுத்தராகப் பணிசெய்து ஓய்வு பெற்றவர். திருமலையை ஒருமுறையேனும் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. தரிசனம் மட்டுமன்று, அக்கோயில்களின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன என்று எங்கோ படித்திருந்தார். அவற்றைக் கண்ணால் காணவேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்தார். நான் ஒரு பகலில் அனைத்தையும் அடக்கினேன். வரிசையில் ஆறு மணி நேரம் கழிந்தது. சந்நிதியில் நின்றது சில நொடிகள். வெளியே வந்ததும் அவர் புஷ்கரிணிப் படியில் சற்று அமரலாமா என்றார். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். கீழே இறங்கியபோது கோவிந்தராசர் கோயில் கோபுரத்தைக் காட்டி, “உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வரலாமா, அப்பா?” என்று என்னைக் கேட்டார். அடுத்தமுறை பார்ப்போம் என்றேன். அவருக்கு அடுத்தமுறை வாய்க்கவில்லை. அந்த ரயிலும் அன்று இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் புறப்பட்டது.

ஆகவே, முதன்முறையாகச் செல்லும் குடும்பத்துக்கு நான் கூறுவது: மூன்று நாள் ஒதுக்குங்கள். சென்னையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மிகுதியான வழிதானே! தரிசனத்தின் சில நொடிகளை நீட்டிக்க நம்மால் இயலாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள மணி நேரங்களை நாம் திட்டமிடலாம்.

எப்போது செல்வது? புரட்டாசிச் சனிக்கிழமை, பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நாட்களை முதற் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2025 ஜனவரி 8ஆம் நாள் வைகுண்ட ஏகாதசிச் சீட்டு வாங்கத் திருப்பதியில் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். கைக்குழந்தையோடும் முதியோரோடும் அத்தகைய கூட்டத்தில் நிற்பது பக்தி ஆகாது என்பது என் கருத்து. பள்ளி விடுமுறையன்றி நமக்கு வேறு காலம் இல்லை என்பீர்கள். உண்மையே. அப்படியாயின் விடுமுறையில் வார நடுநாட்களைக் கொள்ளுங்கள். முந்நூறு ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டுகளைத் தேவஸ்தானம் இணையத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் முன்னதாக வெளியிடுகின்றது. அவை விரைவில் தீர்ந்துவிடும். மலைமேல் தங்கும் அறையும் அவ்வாறே. ஆதார் அட்டையை மறவாதீர்கள். கைப்பேசியைக் கோயிலுள் கொண்டுசெல்ல இயலாது. ஆடவர் வேட்டியும் பெண்டிர் சேலையும் போன்ற மரபுடையில் செல்லவேண்டும். பேதுரு பேராலயத்துக்கு உடை குறித்த நம் இளைஞருக்கு இது கடினமன்று.

முதல் நாள் மலைக்கு ஏறாதீர்கள். இதைக் கேட்டு வியக்கவேண்டா. நண்பகலில் திருப்பதி சேர்ந்து, இளைப்பாறி, மாலையில் கோவிந்தராசர் கோயிலுக்குச் செல்லுங்கள். இராமாநுசர் நிலைநாட்டிய கோயில் அது என்பது வைணவ மரபு. அக்கோயிலைச் சுற்றி எழுந்ததே கீழ்த்திருப்பதி. மேலே உள்ள நெருக்கடி இங்கே இராது. பிள்ளைகளைச் சுவரருகே நிறுத்தி எழுத்தைக் காட்டலாம். அவர்கள் விரலால் காற்றில் எழுதிப் பார்க்கலாம். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; இடையே வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். ஆதலால் முதலில் ஒன்றும் விளங்காது. க, ப, ம, ய என்று ஒவ்வொன்றாக அடையாளம் தெரியத் தொடங்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஓராண்டில் கற்பிக்க இயலாதது அங்கே கால் மணி நேரத்தில் கைகூடும்.

அச்சுவர்களில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். நிலம் கொடுத்தது, விளக்குக்குப் பொன் வைத்தது, ஏரி கால்வாய் திருத்தியது, அந்த விளைச்சலில் இன்ன நாளில் இன்ன பணியாரம் படைக்கவேண்டும், அதில் யாருக்கு எத்தனை பங்கு என்பன போன்ற கணக்குகளே மிகுதி. மலைமேல் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு, சாமவை என்னும் பல்லவ குலத்து அரசி வெள்ளியால் ஒரு திருவுருவம் செய்து கொடுத்து, அதன் வழிபாட்டுக்கு நிலமும் வைத்ததைக் கூறுகின்றது. கி.பி. 966 என்று அதன் காலத்தைக் கணித்துள்ளனர். போக சீனிவாசர் என வழங்கும் அத்திருவுருவம் இன்றும் கருவறையில் உள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண்மணி எழுதிவைத்த ஏற்பாடு இன்னும் நடைபெறுகின்றது. நம் வங்கி வைப்புத்தொகைகளை எண்ணிப் பாருங்கள்!

இரண்டாம் நாள் ஏற்றம். உடல்நலம் இடங்கொடுப்பவர்கள் அலிபிரியிலிருந்து நடந்தே ஏறுங்கள். அடிப்புளி என்ற பழம்பெயரே அலிபிரி எனத் திரிந்தது என்பாரும் உளர். அங்கே திருமலை நம்பியிடம் இராமாநுசர் இராமாயணப் பொருள் கேட்டார் என்பர். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர்; 3,550 படிகள். மூட்டைகளை அடிவாரத்தில் ஒப்படைத்தால் மேலே பெற்றுக்கொள்ளலாம். காளி கோபுரம் வரை உள்ள முதற்பகுதிதான் கடுமையானது. அதன்பின் நெடுந்தூரம் எளிய நடை. இறுதியில் மூச்சு வாங்கவைக்கும் ஒரு செங்குத்தான பகுதி வரும். மலை முழுதும் திருவுருவே என்று கருதி இராமாநுசர் காலால் மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்ற வரலாற்றைப் பிள்ளைகளுக்கு அங்கே சொல்லுங்கள். காலோய்ந்த பிள்ளையும் எழுந்துவிடும். விடியலில் புறப்பட்டால் நான்கு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். மாலையில் ஏறவேண்டா. 2023இல் அவ்வழியில் சிறுத்தை தாக்கி ஒரு குழந்தை இறந்தது. அதன்பின் சிறுவரோடு செல்வோர்க்கு நேரக் கட்டுப்பாடு விதித்தனர். புறப்படுமுன் அவ்வப்போதைய விதியைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

முதியோர் பேருந்தில் வரட்டும். அதில் இழுக்கொன்றும் இல்லை. 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை நடக்கமாட்டாதவர் டோலியில்தான் ஏறினர். எத்தனையோ பாட்டிமார் கீழே நின்றே கும்பிட்டுத் திரும்பினர்.

மேலே சென்றதும் முதலில் புஷ்கரிணிக் கரையில் உள்ள வராகப் பெருமாளை வணங்குவது முறை. பிறகு வரிசை. வரிசையைப் பற்றி நான் என்ன சொல்ல! பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். கோயிலுள் நுழைந்தவுடன் ஒரு மண்டபத்தில் கிருட்டிணதேவராயரும் தேவியர் இருவரும் கைகுவித்து நிற்கும் உலோகச் சிலைகளைக் காணத் தவறாதீர்கள். ஏழுமுறை வந்து வணங்கிய அரசர் அவர். கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். முன்னரே சொல்லி வைத்தால்தான் பிள்ளைகள் தலையைத் திருப்புவர். கருவறை வாயிற்படிக்குக் குலசேகரன்படி என்று பெயர். அதையும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

அன்றிரவு மலையிலேயே தங்குங்கள். ஏறத்தாழ 2,800 அடி உயரம். கோடையிலும் விடியற்காற்று குளிரும்.

மூன்றாம் நாள் காலையை வெறுமையாக விடுங்கள் என்பதே என் வேண்டுகோள். புஷ்கரிணிப் படியில் அமரலாம். விரும்பினால் சிலாதோரணம் சென்று, காற்றும் நீரும் அரித்து இயற்கையாக அமைந்த கல்வளைவைப் பார்க்கலாம். பிறகு இறங்கித் திருச்சானூரில் பத்மாவதித் தாயாரை வணங்கி ரயிலேறலாம். காளத்தி, காணிப்பாக்கம், வேலூர்ப் பொற்கோயில் எல்லாவற்றையும் இதே பயணத்தில் அடக்கித் தருவதாக வாகனக்காரர்கள் அழைப்பார்கள். இம்முறை வேண்டா. காளத்திக்குத் தனியே ஒருநாள் வேண்டும். சந்திரகிரிக் கோட்டை மட்டும் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டரில் உள்ளது. பொழுது மிஞ்சினால் பார்க்கலாம். 1639இல் சென்னைக் கடற்கரையை ஆங்கிலேயருக்கு அளித்த நாயக்கர், சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர மரபினர்க்கு அடங்கியவர். சென்னைப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொன்னேன். “மாமா, மூன்று நாளென்றால் மாமியார் வீட்டில் ஒருநாள் குறையுமே” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. மறுவாரம் இன்னொரு தாளோடு வந்தார். முதல் நாள் மாலையில் கோவிந்தராசர் கோயில் என்றிருந்தது. அதன் எதிரே அவருடைய ஒன்பது வயது மகள், கோணல் எழுத்தில், “சுவர் படிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தாள். மே மாதத்தில் புறப்படுகிறார்கள். அவர்களோடு வர எனக்கும் ஒரு சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.