இரட்டையர் இறுதி கடைசியில் நடக்கட்டும்

போட்டியை நடத்திக் கொடுத்த நண்பர்களே, பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, அந்தப் பிள்ளைகளை இருட்டோடு எழுப்பிப் பயிற்சிக்குக் கூட்டிவந்த பெற்றோர்களே!

ஷட்டில் ஆடும் பெண்கள் யார் யார் என்று கேட்டால் சாய்னா என்பீர்கள், சிந்து என்பீர்கள். தப்பே இல்லை. இருவரும் ஒலிம்பிக் மேடை ஏறியவர்கள். நான் இன்று பேச வந்தது ஒலிம்பிக் பதக்கமே வாங்காத ஒருவரைப் பற்றி. அவர் பெயர் அஷ்வினி பொன்னப்பா. 1989-இல் பெங்களூரில் பிறந்தவர். இரட்டையர் ஆட்டத்துக்கே தன் வாழ்க்கையைக் கொடுத்தவர்.

2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டி. ஜ்வாலா குட்டாவும் அஷ்வினியும் இறுதியில் சிங்கப்பூர் ஜோடியை வென்று தங்கம் வாங்கினார்கள். அந்தப் போட்டியின் மகளிர் இரட்டையரில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். மறு ஆண்டு லண்டனில் உலக சாம்பியன்ஷிப், அங்கே வெண்கலம். 1983-இல் பிரகாஷ் படுகோன் வெண்கலம் வாங்கியதோடு நின்றுபோயிருந்தது நம் கணக்கு. 28 வருடம் கழித்து அதை மறுபடி தொடங்கி வைத்தது ஓர் இரட்டையர் ஜோடி! எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 44 அடி நீளம், 20 அடி அகலம். அதில் நம் பாதிக்குள் இரண்டு பேர். நாம் தாக்கும்போது ஒருவர் நெட்டருகே, ஒருவர் பின்னால். எதிரணி ஸ்மாஷ் அடிக்க வந்தால் உடனே பிரிந்து ஆளுக்கொரு பக்கம். ஒரே ராலிக்குள் இப்படிப் பல தடவை மாற வேண்டும். வாய் திறந்து பேசிக்கொள்ள நேரம் கிடையாது. ஜ்வாலா இடதுகை ஆட்டக்காரர், நெட்டருகே கெட்டிக்காரர். அஷ்வினியின் பலம் பின்னாலிருந்து அடிக்கும் ஸ்மாஷ். ஸ்மாஷ் மேல் ஸ்மாஷாக அடித்து எதிரணியைத் திணறடிப்பவர் ஒருவர். திணறித் திரும்பிய பந்தை முன்னால் நின்று தட்டிப் புள்ளி எடுப்பவர் இன்னொருவர். கைதட்டல் யாருக்குப் போகும்? முன்னால் நிற்பவருக்கு. பின்னால் வியர்த்து நிற்பவர் அதைப் பார்த்து மனதாரச் சந்தோஷப்பட வேண்டும். அந்த மனசு இருந்தால்தான் அடுத்த பந்துக்குக் கால் நகரும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கைச் சொல்லாமல் விட முடியாது. பிரிவு ஆட்டம் மூன்றில் இரண்டை இவர்கள் ஜெயித்தார்கள். ஜப்பான், தைவான் ஜோடிகளுக்கும் ஆளுக்கு இரண்டு வெற்றி. புள்ளிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து நம்மவர்களை வெளியே அனுப்பினார்கள். ஜப்பான் ஜோடி தைவானிடம் தோற்ற விதத்தை விசாரிக்கச் சொல்லி இந்தியா முறையிட்டது, எடுபடவில்லை. அதே ஒலிம்பிக்கில், வசதியான எதிராளி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்த நான்கு ஜோடிகளைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தோற்க நினைத்தவர்களும் வெளியே. ஜெயிக்கப் போராடியவர்களும் வெளியே!

அதோடு ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாரா? இல்லை. 2014-இல் உபேர் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அதே ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஜ்வாலாவோடு வெள்ளி. 2015-இல் கனடா ஓப்பன் பட்டம்.

பிள்ளைகளே, இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். இரட்டையரில் உலகத் தரவரிசைப் புள்ளிகள் ஜோடிக்குத்தான் சேரும். பார்ட்னர் மாறினால், பழைய ஜோடியின் பெயரில் சேர்த்ததை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அஷ்வினி அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் சிக்கி ரெட்டியோடு வெண்கலம். அங்கேயே அணிப் போட்டியின் இறுதியில், 17 வயதுப் பையன் ஒருவனோடு கலப்பு இரட்டையரில் இறங்கி, ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மலேசிய ஜோடியை வீழ்த்தினார். அணிப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம். அந்தப் பையன்தான் சாத்விக்சாய்ராஜ். 2023-இல் சிராக் ஷெட்டியோடு உலகின் முதலிடத்துக்குப் போனாரே, அவரேதான்!

பிறகு, 2003-இல் பிறந்த தனிஷா கிராஸ்டோவோடு ஜோடி சேர்ந்தார். தன்னைவிட 13 வயது இளைய பெண்ணோடு மறுபடி முதல் படியிலிருந்து ஏறி, 34 வயதில் பாரிஸ் ஒலிம்பிக் போனார். அங்கே மூன்று ஆட்டத்திலும் தோல்வி. இதுவே என் கடைசி ஒலிம்பிக் என்று கண்ணீரோடு சொன்னார். அந்தத் தோல்வியையும் நான் மரியாதையோடுதான் சொல்கிறேன்.

நம் ஊர்ப் போட்டிகளில் என்ன செய்கிறோம்? ஒற்றையரில் தோற்ற பிள்ளையை, “சரி, டபுள்ஸாவது ஆடு” என்கிறோம். இரட்டையர் இறுதியைக் காலையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் முடித்துவிடுகிறோம். ஒரு பரிசுத் தொகையை இருவருக்கும் பிய்த்துக் கொடுக்கிறோம்.

அமைப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இரண்டே இரண்டு. அடுத்த ஆண்டு பெண்கள் இரட்டையர் இறுதியைச் சாயங்காலம், கூட்டம் நிறைந்திருக்கும்போது, கடைசி ஆட்டமாக வையுங்கள். ஒற்றையர் வெற்றியாளருக்கு எவ்வளவு தருகிறீர்களோ, அதே தொகையை இரட்டையரில் ஜெயிக்கும் இருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். அதற்காகும் கூடுதல் செலவில் முதல் பங்கு என்னுடையது, மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன். இனி நீங்கள் சொல்லுங்கள்.