நான்கு சுவர்களுக்கு வெளியே: மாற்றுத்திறனாளிகளும் திறந்தவெளிச் சிகிச்சையும்

(மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த கட்சிப் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மாற்றுத்திறனாளி ஒருவர் வீட்டை விட்டு வெளியே வருவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் 1.86 கோடிப் பேர் கிராமப்புறத்தினர். பலருக்கு உலகம் என்பது ஒரு கட்டிலும் ஒரு சன்னலும்தான். அவர்களை அங்கே அடைத்து வைத்திருப்பது உடற்குறை மட்டுமல்ல. வாசற்படியும், குண்டும் குழியுமான தெருவும், வறுமையும்கூடத்தான்.

திறந்தவெளிச் சிகிச்சை என்பது வெயிலையும் மண்ணையும் நீரையும் விலங்குகளையும் மறுவாழ்வுக்குப் பயன்படுத்தும் முறை. இதில் மாயம் ஏதுமில்லை. மார்பளவு நீரில் நிற்பவரின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்கிறது. தரையில் அடியெடுத்து வைக்க முடியாதவர் அங்கே நடந்து பழகலாம். குதிரை நடக்கும்போது அதன் மேல் அமர்ந்திருப்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதைப் போலவே அசைகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு உடலைச் சமநிலையில் நிறுத்த அது பயிற்சியாகிறது. சக்கர நாற்காலியின் உயரத்துக்கு மேடையிட்டு அமைத்த பாத்தியில் விதை ஊன்றுவதும் களை எடுப்பதும் விரல்களுக்கு வேலை தருகின்றன. தன் உழைப்பில் ஒன்று முளைத்தது என்ற மனநிறைவையும் தருகின்றன.

வரலாறும் இதற்குச் சான்று. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். அத்தகைய நோயாளிகள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துவிடுவார்கள் என்று கைவிடப்பட்ட காலம் அது. அவர் அவர்களை எழுப்பி உட்கார வைத்தார். விளையாட்டைச் சிகிச்சையின் பகுதியாக்கினார். 1948 ஜூலை 29 அன்று 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டி நடந்தது. இன்றைய பாராலிம்பிக்கின் வித்து அதுவே. நம் நாட்டின் முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் குண்டடிபட்ட படைவீரர். காயத்துக்குப் பின் சிகிச்சையாக நீந்தத் தொடங்கியவர், 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது.

கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த தொழிலாளிக்கும், பனைமரத்திலிருந்து விழுந்த கூலிக்கும் இந்த வாய்ப்பு எங்கே? நீர்ச் சிகிச்சையும் குதிரைச் சிகிச்சையும் பெரும்பாலும் பெருநகரங்களில், கட்டணம் செலுத்த முடிந்தவர்களுக்கே கிடைக்கின்றன. வறுமைக்கோட்டுக்குக் கீழே, 80 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவருக்கு ஒன்றிய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டம் ஒதுக்குவது மாதம் 300 ரூபாய். 2012 முதல் அந்தத் தொகை உயரவில்லை. நகரத்துக்குச் சில முறை ஆட்டோ பிடித்தாலே அது தீர்ந்துவிடும். எஞ்சிய சுமை முழுவதும் வீட்டுப் பெண்களின் கூலியற்ற உழைப்பின் மீது விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 29இல் பொழுதுபோக்கிலும் பண்பாட்டு வாழ்விலும் சமமாகப் பங்கேற்கும் உரிமையையும், பிரிவு 30இல் விளையாட்டு உரிமையையும் ஏற்கிறது. ஆனால் மறுவாழ்வு பற்றிய பிரிவு 27, அரசின் “பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு” என்று ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் அரசுகள் தப்பிச் செல்கின்றன. பொதுக் கட்டிடங்களைத் தடையற்றவையாக்க ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. 2022இல் அது முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாகக் கருத இடமளித்த 15(1) விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு உத்தரவிட்டது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வெயிலும் செடியும் மருந்துக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் செயற்கைக் கால்களுக்கும் மாற்று ஆகா. அரசு மருத்துவமனையில் சிகிச்சையாளர் பணியிடங்களை நிரப்பாமல் பூங்காவைக் காட்டிக் கணக்கு முடிக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது. இரண்டாவது, மற்றவர்கள் பூங்காவுக்குப் போனால் அது ஓய்வு. மாற்றுத்திறனாளி போனால் மட்டும் அது சிகிச்சையா? காற்று வாங்க எவருக்கும் மருத்துவரின் சீட்டு வேண்டியதில்லை. குணமாவதற்காக மட்டுமின்றி, மகிழ்ச்சிக்காகவும் வெளியே வரும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இந்தப் போராட்டத்தை உள்ளூரிலேயே தொடங்கலாம், தோழர்களே. பூங்காவின் வாயிலில் சக்கர நாற்காலி நுழைகிறதா? சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயராமல் இருக்கிறதா? பயன்படுத்தத்தக்க கழிப்பறை உண்டா? ஒவ்வொரு கிளையும் அளந்து பார்க்கட்டும். மாற்றுத்திறனாளிகளை முன்னிறுத்தி அளக்கட்டும். குறைகளை உள்ளாட்சி மன்றத்தில் கோரிக்கையாக்கட்டும். மேடைப் பாத்தியும் நடைப்பயிற்சிக் கம்பியும் கொண்ட ஒரு பொது இடம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும். அதற்கு ஊதியம் பெறும் சிகிச்சையாளரும், இலவசப் போக்குவரத்தும் வேண்டும். ஓய்வூதியம் வாழத்தக்க அளவுக்கு உயர வேண்டும்.

பொதுவெளி அனைவருக்கும் உரியது. கட்டிலில் கிடப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. இரக்கத்தால் அந்தப் பங்கு கிடைக்காது. அமைப்பாகத் திரண்டால்தான் கிடைக்கும்.