லெட்ச்வொர்த்: முதல் தோட்ட நகரம்

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் போகும் விரைவு ரயிலில் ஏறினால், அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே லெட்ச்வொர்த்தில் இறங்கிவிடலாம். உலகின் முதல் தோட்ட நகரம் இது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்த எபனேசர் ஹவர்ட் 1898-இல் ஒரு புத்தகம் எழுதினார். லண்டன் சேரிகளின் நெரிசலுக்கும் கிராமத்து வறுமைக்கும் ஒரே மருந்தாக அவர் சொன்னது, வேலையும் வீடும் வயலும் ஒன்றாக இருக்கும் புது ஊர். 1903-இல் ஏறக்குறைய 3,800 ஏக்கர் வாங்கி வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ஊரின் அழகு வீடுகளில்தான் இருக்கிறது. பாரி பார்க்கர், ரேமண்ட் அன்வின் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வகுத்த அமைப்பு. சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு, செங்குத்தாக இறங்கும் சிவப்பு ஓட்டுக் கூரை, மதிலுக்குப் பதில் பசுமை வேலி. தெருவைப் பார்த்து முகப்பு வைப்பதைவிட, புழங்கும் அறைக்கு வெயில் வர வேண்டும் என்பதே அவர்களுக்கு முக்கியம். குளிர்நாட்டில் ஏழை வீட்டுக்கும் வெயில் உரிமை உண்டு என்று நினைத்தார்களே, அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

1905-இல் இங்கே மலிவு வீடுகளின் கண்காட்சி நடந்தது. ஒரு வீட்டை 150 பவுண்டுக்குள் கட்ட முடியுமா என்பதுதான் போட்டி. வில்பரி சாலை 158-ஆம் எண் வீட்டின் முன்னே சற்று நில்லுங்கள். சுவர்கள் முன்பே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகள். செய்தவர் லிவர்பூல் நகரப் பொறியாளர் ஜான் பிராடி. கால்பந்து கோல் கம்பத்துக்கு வலை கட்டும் யோசனையும் இவருடையதுதான். நூறாண்டு கடந்தும் வீடு நிற்கிறது.

அன்று உள்ளூரிலேயே பிழைப்பு இருந்தது. ஸ்பைரெல்லா என்ற உள்ளாடைத் தொழிற்சாலை பலருக்குச் சோறு போட்டது. அந்தப் பெரிய கட்டடத்தில் இப்போது அலுவலகங்கள். காலையில் நடைமேடையில் லண்டன் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். ரயில் வசதியே வீட்டு விலையை ஏற்றிவிட்டது. 150 பவுண்டு வீட்டுக்கு இன்று பல லட்சம் பவுண்டு கேட்கிறார்கள். கூலி வேலை செய்பவருக்கென்று நினைத்த வீடு அவர் கைக்கு எட்டாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

ஆனாலும் ஹவர்டின் அடிப்படை யோசனை அழியவில்லை. ஊரின் நிலத்தில் பெரும்பகுதி இன்றும் ஒரு பொது அறக்கட்டளை கையில் இருக்கிறது. கடை வாடகையும் தொழிற்கூட வாடகையும் தனியார் பைக்குப் போகாமல் ஊருக்கே திரும்புகின்றன. 1936-இல் கட்டிய பிராட்வே திரையரங்கை நடத்துவதும், ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நடைபாதையைப் பராமரிப்பதும் அந்த அறக்கட்டளைதான். வீட்டுக்காரர் ஜன்னலை மாற்ற நினைத்தாலும் அதனிடம் அனுமதி கேட்க வேண்டும். சிலர் முணுமுணுக்கிறார்கள், ஆனால் அந்தக் கண்டிப்பு இல்லையென்றால் ஓட்டுக் கூரைகளின் ஒழுங்கு எப்போதோ குலைந்திருக்கும். போகிறவர்கள் ஒரு பகல் ஒதுக்குங்கள். நிலையத்திலிருந்து பிராட்வே சாலை வழியே தெற்கே நடந்தால், 1909 வாக்கில் போட்ட பிரிட்டனின் முதல் ரவுண்டானாவையும் பார்த்துவிடலாம்.