ஆராய்ச்சிப் பணமும் “யோக்கியதை”யும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கோயிலைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. வைத்திய ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் போடும் விஷயமாகும். “நாம் என்ன டாக்டர்களா, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு நோய் வந்தால் அதற்கு மருந்து உண்டா இல்லையா என்பது, இன்று எந்த ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதைப் பொறுத்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பெரிய பகுதி சர்க்கார் பணம்; அதாவது குடிகள் கொடுத்த வரி. ஆதலால் கணக்குக் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

விண்ணப்பம் போடும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தாம் எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறோம், எப்படித் தேடப் போகிறோம், என்ன செலவாகும், இதற்குமுன் என்ன சாதித்திருக்கிறோம் என்று ஆராய்ச்சிக்காரர் எழுதி அனுப்ப வேண்டும். அதே துறையிலுள்ள பெரியவர்கள் ஒரு கமிட்டியாக உட்கார்ந்து மார்க்குப் போடுவார்கள். மார்க்கு அதிகம் வாங்கினவருக்குப் பணம். கேட்பதற்கு இதைவிட நியாயமான முறை வேறெது? நாமும் முறையைப் பழிக்க வரவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் நமது கேள்வி.

ஒரு தேசத்தில் அந்தக் கதவு ஒருமுறை திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் வடக்கே உள்ள சுவீடன் அது. பெண்களுக்குச் சம சந்தர்ப்பம் கொடுப்பதில் உலகத்திலேயே முதலாவது தேசமென்று ஐக்கிய நாடுகள் சபையால் மெச்சப்பட்டது. அப்பேர்ப்பட்ட இடத்தில் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் என்று ஒன்று இருந்தது. டாக்டர் பட்டம் பெற்ற பின் ஆராய்ச்சியைத் தொடர விரும்புகிறவர்களுக்கு உதவிச் சம்பளம் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. 1995ஆம் வருஷத்துக்கு 114 பேர் விண்ணப்பம் போட்டார்கள். ஆண்கள் 62, பெண்கள் 52. பணம் கிடைத்தது 20 பேருக்கு. அவர்களில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? நாலே பேர்!

“பெண்களுக்குப் போதிய யோக்கியதை இல்லை, நாங்கள் என்ன செய்வது?” என்று பதில் சொன்னால் யார் மறுக்க முடியும்? மார்க்குப் பட்டியல் அவர்கள் பெட்டியில் அல்லவா இருக்கிறது!

கோதன்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டின் வென்னராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரண்டு பெண்மணிகள் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அது சர்க்கார் தஸ்தாவேஜு அல்ல என்று கவுன்சில் மறுத்தது. சர்க்கார் தஸ்தாவேஜுகளை எந்தக் குடியும் பார்க்கலாம் என்ற சட்டம் நமக்கு 2005இல்தான் வந்தது. சுவீடனிலோ 1766லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டு அவர்கள் வழக்காடினார்கள். மார்க்குப் பட்டியலும் சர்க்கார் தஸ்தாவேஜுதான் என்று 1995இல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. பெட்டி திறந்தது.

இனி அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். கூச்சல் போடவில்லை, கணக்குப் போட்டார்கள். ஒவ்வொருவரும் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார், எப்பேர்ப்பட்ட பத்திரிகைகளில் வெளியிட்டிருக்கிறார், மற்ற விஞ்ஞானிகள் அவற்றை எத்தனை தடவை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் புள்ளி போட்டார்கள். அந்தப் புள்ளியையும் கமிட்டியார் “திறமை”க்குப் போட்ட மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1997 மே மாதம் “நேச்சர்” என்னும் இங்கிலாந்து விஞ்ஞானப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று.

ஆணுக்குக் கிடைத்த அதே மார்க்கு ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமானால், அவள் அவனைவிட இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது! பெண்களில் 100 புள்ளிக்குக் குறையாமல் வாங்கின முதல் வரிசைக்காரிகள் மட்டுமே ஆண்களுக்குச் சமமாக மதிக்கப்பட்டார்கள். எந்த ஆண்களுக்கு? 20 புள்ளிகூட எட்டாத கடைசி வரிசை ஆண்களுக்கு! இதற்குப் பெயர் யோக்கியதையாம்.

இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. கமிட்டி மெம்பர் ஒருவருக்கு வேண்டியவர் விண்ணப்பம் போட்டால் அந்த மெம்பர் மார்க்குப் போடக் கூடாது என்று விதி இருந்தது. நல்ல விதிதான். விதிப்படி அவரும் ஒதுங்கித்தான் இருந்தார். ஆனால் மீதி மெம்பர்கள் அவருடைய ஆளுக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டிருந்தார்கள்! நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெண்ணாய்ப் பிறந்ததற்குக் குறைந்த மார்க்கும், தெரிந்த மனிதர் கமிட்டியில் இருந்ததற்குக் கூடின மார்க்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆகவே பெண்ணாகவும் இருந்து, கமிட்டியில் வேண்டியவரும் இல்லாதவளின் கதி என்னவென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கமிட்டியார் அயோக்கியர்களா என்று கேட்பீர்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. மேதாவிகள். தாங்கள் திறமையை மட்டுமே நிறுக்கிறோமென்று மனமார நம்பியும் இருக்கலாம். அதுதான் நமக்கு அதிகப் பயத்தைத் தருகிறது. திருடன் என்று தெரிந்தால் பெட்டியைப் பூட்டிக்கொள்ளலாம். தான் திருடுவது தனக்கே தெரியாதவனை எப்படிப் பிடிப்பது? தராசைத் தூக்கி வெளியே வைத்துக் கணக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வழி நமக்குத் தோன்றவில்லை.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். வைத்தியக் கவுன்சில் வேறு கவுன்சில்களோடு சேர்க்கப்பட்டு, 2001 முதல் சுவீடன் ஆராய்ச்சிக் கவுன்சில் என்று ஒன்றாயிற்று. 2004ஆம் வருஷத்து வைத்திய விண்ணப்பங்களை வேறு இருவர் இதே மாதிரி எடுத்துக் கணக்குப் போட்டு 2008இல் வெளியிட்டார்கள். அதில் பெண்களுக்கு மார்க்குக் குறையவில்லை. கொஞ்சம் கூடவே கிடைத்திருந்தது. ஊரறியச் சிரித்துப் போன குற்றமல்லவா, திருந்திக்கொண்டார்கள். ஆனால் கமிட்டி மெம்பருக்கு வேண்டியவர்களுக்கு மாத்திரம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மார்க்கு அப்போதும் கூடுதலாகவே விழுந்திருந்தது.