சட்டத்தில் ஏறிய பெயர்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை இம்மன்றத்தில் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனை நன்குணர்ந்தமையாலன்றோ இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நடைபெற்று வருகின்றது! ஆயினும், கற்றுத் தேர்ந்த பின்னர் எதிர்ப்படும் ஓர் இடையூற்றைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதில்லை. தொழில் தெரியும், கையும் தேர்ந்திருக்கும், ஆனால் சட்டப் புத்தகத்தில் அத்தொழில் புரிவோர்க்கு இடம் இராது. அவ்விடத்தைப் பெறுவது எங்ஙனம்? அமெரிக்க நாட்டில் மருத்துவர் உதவியாளர்கள், அஃதாவது 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' எனப்படும் தொழிலினர், சட்டம் இயற்றுவோரை நேரில் அணுகி அவ்விடத்தைப் பெற்ற வரலாற்றை இன்று கூற விழைகின்றோம்.

வட கரோலினா மாநிலத்தில் கார்லண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஆமாஸ் ஜான்சன் என்னும் மருத்துவர் இருந்தார். அவரிடம் ஹென்றி ட்ரெட்வெல் என்னும் கறுப்பினத்தவர் உதவியாளராகப் பணியாற்றினார். வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனி வாயில்கள் இருந்த காலம் அது. கல்லூரி வாயிலை மிதியாத ட்ரெட்வெல், மருத்துவரிடமே தொழில் பயின்றார். மருத்துவர் வெளியூர் செல்லும் நாள்களில் மருத்துவமனையைத் தாமே கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார். இதனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்டெட்.

கடற்படையில் காயமுற்றோர்க்குச் சிகிச்சை அளித்த வீரர்கள், பணி முடிந்து ஊர் திரும்பியபின் தங்கள் திறமைக்கேற்ற வேலையின்றி இருப்பதையும் ஸ்டெட் கண்டார். அத்தகையோர் நால்வரைக் கொண்டு 1965ஆம் ஆண்டில் டர்ஹாம் நகரில் புதியதொரு படிப்பைத் தொடங்கினார். 1967 அக்டோபரில் மூவர் தேறி வெளிவந்தனர். அடுத்த ஆண்டில் பிரென்டிஸ் ஹாரிசன் என்னும் முதற் கறுப்பின மாணவர் தேறினார். 1970இல் ஜாய்ஸ் நிக்கல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி தேறினார். இப்படிப்பில் தேறிய முதற்பெண்ணும் அவரே.

இன்னொருவரையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ரிச்சர்ட் ஸ்மித் என்னும் கறுப்பின மருத்துவர் அரசுப் பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்தவர். முதியோர்க்கான 'மெடிகேர்' என்னும் அரசுக் காப்பீடு 1966இல் நடைமுறைக்கு வந்தபோது, நிறவேற்றுமை பாராட்டும் மருத்துவமனைக்கு அப்பணம் கிடையாது என்னும் விதியை நடைமுறைப்படுத்தும் பணியில் அவரும் ஈடுபட்டார். மருத்துவமனைக் கதவு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே நோயாளியைப் பார்க்க ஆள் வேண்டுமன்றோ? 1969இல் சியாட்டில் நகரில், மருத்துவர் கிட்டாத ஊர்களுக்கென 'மெடெக்ஸ்' என்னும் பயிற்சித் திட்டத்தை அவர் தொடங்கினார்.

இவ்வாறு ஆட்கள் உருவாயினர். ஊர்களும் அவர்களை வரவேற்றன. ஆனால் சட்டம் அவர்களை அறியவில்லை.

இவ்விடத்தில் அந்நாட்டின் ஆட்சி முறையைச் சிறிது விளக்குதல் தகும். ஒரு மருத்துவர் உதவியாளர் கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. முதலாவது மாநிலச் சட்டமன்றம். தொழில் புரிய உரிமம் தருவதும், எந்த மருந்தை எழுதலாம், யாருடைய மேற்பார்வையில் பணிபுரியலாம் என்று வரையறுப்பதும் மாநிலத்தின் உரிமை. இரண்டாவது வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றம். செய்த சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தருமா, தந்தால் எவ்வளவு என்பதை அது முடிவு செய்கின்றது. ஒன்று திறந்து மற்றொன்று அடைத்திருப்பின் பயனில்லை. உரிமம் இருந்தும் ஊதியத்திற்கு வழியில்லையெனில், எந்த நிலையமும் எத்தனை நாள் நடைபெறும்?

1970களில் நிகழ்ந்தது இதுவே. மலையூர்களிலும் சிற்றூர்களிலும் மருத்துவர் வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே வந்து செல்ல, ஏனைய நாள்களில் மருத்துவர் உதவியாளரோ உயர்பயிற்சி பெற்ற செவிலியரோ நோயாளிகளைப் பார்த்து வந்தனர். மருத்துவர் உடனிருந்தாலன்றி மெடிகேர் பணம் தரவில்லை. மருத்துவர் இல்லாமையாலன்றோ அந்நிலையம் தோன்றிற்று! இல்லாத ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று.

1968இலேயே சங்கம் கண்டிருந்த மருத்துவர் உதவியாளர்களும், செவிலியர்களும், ஊரக மக்களும் இக்குறையை நாடாளுமன்றத்தின் முன் வைத்தனர். தங்களுக்குப் பெருமை வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. 'எங்கள் ஊர் மருத்துவ நிலையம் மூடப்படும்' என்பதே அவர்களின் வாதம். 1977 டிசம்பரில் ஊரக மருத்துவ நிலையச் சட்டம் நிறைவேறிற்று. மருத்துவர் நேரில் இல்லாதபோது இவர்கள் அளிக்கும் சிகிச்சைக்கும் பணம் உண்டு என்று அச்சட்டம் கூறியது. அம்மட்டோ! இத்தகைய நிலையம் இவர்களுள் ஒருவரையேனும் பணியில் அமர்த்தியாக வேண்டும் என்றும் விதித்தது. நேற்றுவரை சட்டம் அறியாத ஒருவர், இன்று சட்டப்படி இன்றியமையாதவர் ஆயினர்.

ஆயினும் சட்டம் வந்த மறுநாளே பொழுது புலர்ந்துவிடவில்லை. கட்டணம் குறைவாயிருந்தமையால் முதற் பத்தாண்டில் சில நூறு நிலையங்களே தோன்றின. மீண்டும் முறையிட்டனர், திருத்தங்கள் வந்தன. இன்று அத்தகைய நிலையங்கள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டுள்ளன.

சட்டம் இயற்றுவோரை அணுகும் இப்பணியை அந்நாட்டார் 'லாபி' செய்தல் என்பர். சட்டமன்றத்தின் முன்கூடத்திற்கு அது பெயர். அங்கே நின்று உறுப்பினரைக் கண்டு பேசுவதால் செயலுக்கும் அதுவே பெயராயிற்று. அரசிடம் முறையிடும் உரிமையை 1791இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட முதலாம் அரசியற் சட்டத் திருத்தம் அம்மக்களுக்கு வழங்கியுள்ளது.

இளைஞர்களே, அவர்கள் அதனைச் செய்யும் முறையைக் கூர்ந்து நோக்குங்கள். முதலில், மாற்ற வேண்டிய சட்டப் பிரிவை அவர்கள் தெளிவாகக் குறித்துக்கொள்வர். 'எங்களுக்கு நீதி வேண்டும்' என்று பொதுவாகக் கூறாமல், 'இன்ன சட்டத்தின் இன்ன பிரிவில் இன்ன சொல்லை மாற்றுக' என்பர். இரண்டாவதாக, தம் தொகுதி உறுப்பினரிடமே செல்வர். வாக்களிப்போர் சொல்லுக்கு உறுப்பினர் செவிசாய்ப்பார் என்பது யாவரும் அறிந்ததே. மூன்றாவதாக, உறுப்பினரைக் காண இயலாவிடில், அவர் அலுவலகத்தில் சுகாதாரப் பொருளைக் கவனிக்கும் உதவியாளரைக் கண்டு பேசுவர். அவர் வயதில் இளையவர் என்று எளிதாக எண்ணிவிடார். நான்காவதாக, கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் ஒரு நோயாளியின் நிலையை எடுத்துக்கூறி, ஒரே தாளில் அடங்கிய குறிப்பை அளித்துத் திரும்புவர். பின்னர் நன்றிக் கடிதம் எழுதுவர். மசோதா குழுவிலேயே முடங்கிப்போகுமாயின், அடுத்த மன்றம் கூடும்போது அதே தாளுடன் மீண்டும் வருவர். மாணவர்களும் இக்குழுக்களில் உடன் செல்கின்றனர்.

ஒரு சொல்லின் ஆற்றலுக்குச் சான்று கூறுவோம். சட்டம் பல இடங்களில் 'மருத்துவர்' என்னும் சொல்லையே ஆண்டிருந்தது. அதனால், மரணத் தறுவாயில் இருக்கும் நோயாளியைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த உதவியாளர், அந்நோயாளி இறுதிக்காலப் பராமரிப்பில் சேர்ந்ததும் பொறுப்பு மருத்துவர் என்னும் நிலையில் தொடர இயலாது. 2018இல் நிறைவேறிய சட்டம் அதனை மாற்றியது. 2019 சனவரி முதல் அவர்கள் தொடரலாயினர். வீட்டிலேயே செவிலியர் பராமரிப்பு வேண்டும் என்று சான்றளிக்கும் உரிமையும் இவ்வாறே இல்லாதிருந்தது. கொரோனா நோய் பரவிய 2020 மார்ச்சில் வந்த சட்டம் அதனை அளித்தது.

ஊதியத்தின் கதை இன்னும் நீண்டது. 1986இல் மருத்துவமனைப் பணிக்கும், 1997இல் எல்லா இடங்களிலும் செய்யும் பணிக்கும் மெடிகேர் பணம் தர ஒப்பியது. மருத்துவர் கட்டணத்தில் 85 விழுக்காடு என்று வரையறுத்தது. அப்பணமும் உதவியாளர் கைக்கு நேரே வாராது. அவரை வேலைக்கு வைத்தவரிடமே சேரும். உழைத்தவர் பெயரில் கூலி எழுதப்படாத நிலையை இவ்வவையில் இருப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 2020 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால், 2022 சனவரி முதல் நாளிலிருந்துதான் நேரடியாகப் பெறும் உரிமை வந்தது.

மாநிலங்களிலும் இவ்வாறே. அனைத்து மாநிலங்களுள்ளும் இறுதியாக உரிமச் சட்டம் இயற்றியது மிசிசிப்பி, ஆண்டு 2000. கறுப்பின மக்கள் விகிதத்தில் மிகுந்தும், வறுமையில் முன்னின்றும், மருத்துவர் பற்றாக்குறையால் வாடியும் இருந்த மாநிலம் அது. தேவை எங்கே மிகுதியோ அங்கேதான் சட்டம் தாமதித்து வருகின்றது! மருந்துச்சீட்டு எழுதும் உரிமையை இறுதியாக அளித்தது இந்தியானா, 2007இல். கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளை எழுதும் உரிமையைக் கெண்டக்கி 2020இல்தான் வழங்கியது.

எதிர்த்தோர் கூற்றையும் மறைத்தல் நேர்மையாகாது. மருத்துவர் சங்கங்கள் பலகாலும் இவற்றை எதிர்த்துள்ளன. 'எங்கள் பயிற்சி பத்தாண்டை நெருங்குவது. அவர்களுடையதோ இரண்டு மூன்றாண்டு. மேற்பார்வை தளர்ந்தால் நோயாளிக்குத் தீங்கு வரும்' என்பது அவர்கள் வாதம். அதனைத் தொழிற்பொறாமை என்று ஒரே சொல்லால் தள்ளிவிட இயலாது. நமக்கோ இன்னொரு கேள்வியும் உண்டு: 'செல்வர்க்கு முழு மருத்துவர், ஏழைக்கு உதவியாளரா?' ஊரகத்தில் மருத்துவரை நியமிக்கும் கடமையிலிருந்து அரசு நழுவிக்கொள்ள இத்தொழில் சாக்காகுமாயின், அதனை நாமே முதலில் எதிர்த்தல் வேண்டும். மருத்துவரும் உதவியாளரும் ஒரே குழுவாக இயங்கி, கடினமான நோயை உரியவரிடம் உடனே அனுப்பும் ஏற்பாடு உறுதியாயிருப்பின், அஃது ஏழைக்கு நன்மையே.

அந்நாட்டு முறை முழுவதும் பின்பற்றத்தக்கது என்றும் நாம் கூறவில்லை. அங்கே இப்பணி பணத்தோடு கலந்தது. தொழிற்சங்கங்கள் தேர்தல் நிதி திரட்டி வேட்பாளர்க்கு வழங்குகின்றன. மருத்துவர் உதவியாளர்களின் பேரவைக்கும் அத்தகைய நிதி உண்டு. பணம் படைத்தவர் குரல் உரக்கக் கேட்கும் அம்முறையில், பணமற்றவர் நிலை யாது? நாம் கொள்ளத்தக்கது அவர்களின் ஒற்றுமையும், ஆயத்தமும், பொறுமையுமே.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 'அசிஸ்டென்ட்' என்னும் பெயர் தங்கள் பணியை எடுத்துக்காட்டவில்லை என்று கருதி, 2021இல் அவர்களின் பேரவை 'பிசிஷியன் அசோசியேட்' என்னும் பெயரை ஏற்றது. பேரவை ஏற்றால் போதுமா? சட்டமும் ஏற்க வேண்டும். மாநிலங்களுள் முதலாவதாக ஆரிகன் 2024இல் அதனை ஏற்றது. பிறர் இட்ட பெயரைச் சுமப்பதும், தமக்குரிய பெயரைத் தாமே தேர்வதும் எத்துணை வேறுபட்டவை என்பதை நம்மினும் அறிந்தார் யார்?

இனி, நம் நாட்டிற்கு வருவோம். இப்படிப்பு நமக்கு அயலானதன்று. இந்தியாவில் இது 1992இல் தொடங்கியது நம் சென்னையிலேதான். மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் முயற்சியால். இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இது பட்டப்படிப்பு. நம் பிள்ளைகளும் சேர்ந்து பயில்கின்றனர். அவர்களிடம், 'உன் தொழிலைக் குறிக்கும் சட்டம் எது?' என்று கேட்டோமாயின், விடை கூறுவோர் சிலரே.

அச்சட்டம் உண்டு. துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான மசோதா 2018ஆம் ஆண்டின் இறுதியில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு அதனை ஆராய்ந்து 2020 சனவரியில் அறிக்கை தந்தது. பின்னர்ப் புதிய மசோதா வந்து, 2021 மார்ச்சில் தேசிய ஆணையச் சட்டமாயிற்று. அதன் அட்டவணையில் இத்தொழிலும் இடம்பெற்றுள்ளது. நிலைக்குழுக்கள் மசோதாவை ஆராயும்போது பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்பது வழக்கம். அவ்வேளையில் கதவு திறந்திருக்கின்றது. நுழைய அஞ்சற்செலவு போதும். ஆனால் அக்கதவு திறந்திருந்ததை நம்முள் எத்தனை பேர் அறிந்தோம்?

முறையிடுதல் நம் முன்னோர்க்குப் புதியதன்று. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். மக்கள் நடந்த சாலையைப் பற்றித்தான் அவர் பேசினார்; ஆயினும் அதனைச் சட்டத்தின் சொல்லாக்கினார்.

ஆகவே இளைஞர்களே, நாம் வேண்டுவது ஒன்றே. எந்தத் தொழிலைக் கற்பினும் அத்தொழிலைக் குறித்த சட்டத்தையும் உடன் கற்பீராக. செவிலியராயினும், ஆய்வகப் பணியாளராயினும், மின்பணியாளராயினும், உங்கள் பெயர் சட்டத்தில் எங்கே உள்ளது, எங்கே இல்லை என்று தேடுங்கள். இல்லாத இடத்தைக் குறித்து, ஒரே தாளில் எழுதி, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் சென்று கொடுங்கள். தனியே செல்லாதீர், சேர்ந்து செல்லுங்கள். முதன்முறை வெறுங்கையுடன் திரும்பினால், மறுமுறையும் செல்லுங்கள். ட்ரெட்வெல் மருத்துவமனையைக் காத்த நாள்களில் அவர் தொழிலுக்குப் பெயரே இல்லை. இன்று அப்பெயரைத் தாங்கி ஒன்றேமுக்கால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நாட்டில் பணிபுரிகின்றனர்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டில் நம் சங்கம் பட்டதாரிகளை உருவாக்குவதோடு அமையாது, சட்டத்தைப் படித்து எழுதிக் கேட்கும் குடிமக்களையும் உருவாக்குமாக.