வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்



மே, ஜூன் மாதங்களில் இங்கிலாந்தின் ஓக் மரத்தடியில் நின்றால், சில நேரம் இலைகளுக்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். வண்டல்ல, தேனீயும் அல்ல. ஓர் ஆண் சிலந்தி இலைமேல் நின்று வயிற்றை அதிர அதிரத் தட்டிப் பெண்ணை அழைக்கிறது. ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத உயிரின் குரல் நம் காதுவரை எட்டுகிறதே, அதுவே எனக்குப் பெரிய வியப்பு!

பேய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பெயர் அனிஃபீனா அக்சென்ட்டுவாட்டா. 1802-இல் வால்கனேர் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை விவரித்தார். இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. இலைக்கு இலை ஓடி இரை பிடிக்கும்.

இதை எப்படி இனங்காண்பது? வெளிறிய முதுகில் அம்புமுனை போன்ற கறுப்புக் குறிகள் உண்டு. அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. இலையைச் சுருட்டிப் பட்டுப்பை கட்டி வாழும் வேறு சிலந்திகளும் ஏறத்தாழ இதே உடல்வாகுடன் திரிகின்றன. முன்பு எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். 1878-இல் ஜெர்மானியரான பெர்ட்காவ் பேய்ச் சிலந்திகளுக்குத் தனிக் குடும்பம் வகுத்தார்.

உண்மையான அடையாளம் அடிவயிற்றில் இருக்கிறது. சிலந்தியைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, கீழிருந்து பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நூல் விடும் காம்புகள் வயிற்றின் கடைசியில் தெரியும். பெரும்பாலான சிலந்திகளில் மூச்சுத்துளை அந்தக் காம்புகளை ஒட்டியே இருக்கும். பேய்ச் சிலந்தியிலோ அது வெகுவாக முன்னே தள்ளி, வயிற்றின் நடுப்பகுதியில் குறுக்குக் கோடாகத் தெரியும். அதிலிருந்து கிளைக்கும் மூச்சுக்குழல்களும் நன்கு வளர்ந்தவை. ஓடி வேட்டையாடும் உயிருக்கு நிறையக் காற்று வேண்டுமல்லவா? இந்த அமைப்பு அதற்கு உதவுகிறது என்றே கருதத் தோன்றுகிறது.

குடும்பம் தெரிந்துவிட்டது, இனம்? இங்கேதான் பொறுமை வேண்டும். ஐரோப்பாவிலேயே அனிஃபீனா சபைனா என்ற நெருங்கிய உறவு உண்டு. முதுகுக் கோலத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முயல்வது ஆபத்து. ஆணின் வாயருகே உள்ள உணர்கால் நுனியையும், பெண்ணின் அடிவயிற்றில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் தகட்டையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்ட பிறகே பெயர் சொல்ல வேண்டும். அவ்வுறுப்புகள் முழு வடிவம் பெறுவது கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான். ஆகவே குஞ்சு கிடைத்தால், ஐயம் இருக்கும்வரை அனிஃபீனா என்ற பேரினப் பெயரை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.