கணவர் விலகிக்கொள்ளும் முறை போதுமா?



இன்று நாம் பேசவிருப்பது நால்வர் நடுவே பேசக் கூசும் பொருளாகும். எனினும், லயத்து வீடுகளில் பல தம்பதியர் கையாண்டு வரும் ஒன்றைப் பற்றி வாய் திறவாதிருப்பதால் யாருக்கும் நன்மை விளையாது.

உறவின்போது விந்து வெளிப்படுமுன் கணவர் விலகிக்கொள்வதே அம்முறை. மிகப் பழமையானது. காசு வேண்டியதில்லை; மருந்து வேண்டியதில்லை. இதனால் நரம்பு தளரும், ஆண்மை குன்றும் என்று சிலர் அச்சுறுத்துவதில் உண்மை இல்லை. மனைவியின் நலங்கருதித் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் கணவரை நாம் குறை கூறோம். ஒன்றும் செய்யாதிருப்பதினும் இது எவ்வளவோ மேல்.

ஆனால், கணக்கைப் பார்ப்போம். இம்முறையை மட்டுமே நம்பும் 100 தம்பதியரில் ஏறக்குறைய 20 பேருக்கு ஓராண்டிற்குள் கரு உண்டாகிவிடுகிறது. ஒருமுறையேனும் தவறாது கடைப்பிடிப்போரிலும் 4 பேருக்கு இவ்வாறு நேர்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டிய அசதியிலும், சம்பள நாளன்று அருந்திய மதுவின் மயக்கத்திலும் கணவரின் கட்டுப்பாடு நழுவிவிடுகிறது. அதுமட்டுமன்று. விந்துக்கு முன்னே கசியும் நீரில் சிலருக்கு உயிருள்ள விந்தணுக்கள் இருப்பதுண்டு. அதனைக் கணவரால் உணரவும் இயலாது, தடுக்கவும் இயலாது. பெண்ணுறுப்பின் வாயிலருகே விந்து பட்டாலும் கருத்தரிக்கக்கூடும். உட்சென்ற விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். பால்வினை நோய்களையும் இம்முறை தடுப்பதில்லை.

நம்மை உறுத்துவது இதுதான்: தவறுபவர் கணவர், சுமப்பவரோ மனைவி. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டச் செல்லும் தாய், கணவரின் விழிப்பை மட்டுமே நம்பி மாதந்தோறும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அடுத்த பிள்ளை சற்று முந்தி வந்தாலும் மகிழ்ச்சியே எனும் தம்பதியருக்கு இம்முறை போதும். இரத்தச் சோகையால் வாடும் தாய்க்கோ, இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கோ போதவே போதாது.

நம் நாட்டில் 1966ஆம் ஆண்டிலேயே தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைக்கப்பட்டது. அவ்வாறிருந்தும், 2014ஆம் ஆண்டின் ஆய்வில் ஏதேனும் ஒரு முறையைக் கையாண்ட மணமான பெண்கள் 100க்கு 52 பேர். நவீன முறையைக் கையாண்டோர் 34 பேர் மட்டுமே. தினமும் உண்ணும் மாத்திரை, மூன்று மாதத்திற்கொரு ஊசி, ஆண்டுக்கணக்கில் காக்கும் செம்புச் சாதனம், ஆணுறை எனப் பல வழிகள் உள்ளன. மாத்திரை ஒவ்வாத மனைவியின் கணவர் ஆணுறை அணியலாமே!

என்றேனும் தவறு நேர்ந்துவிட்டால், மாதவிலக்கு வருமோ வராதோ என்று காத்திராதீர்கள். டாக்டரையோ மருந்தகத்தாரையோ உடனே நாடுங்கள். அதற்கான அவசர மாத்திரையை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவில் உட்கொள்ள வேண்டும். மனைவியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் கணவர்மாரே, நீங்களும் உள்ளே செல்லுங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதி உங்களுக்குரியவை.